வலப்பக்கம் திரும்பினால் வரும் சத்தம்

குறுவை அறுப்புக்குக் கூலி பேச எங்கள் ஊர் மிராசுதார் மன்னார்குடி தாலுகா ஆபீசுக்கு என் காரில்தான் போனார். பி.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல், ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஓராண்டு ஸ்பானர் பிடித்துவிட்டு நான் ஓட்டத் தொடங்கியிருந்த பழைய டாக்ஸி அது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். மிராசுதாரை அப்பா ஆண்டே என்பார், நான் சார் என்றேன். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரிதான் தலையாட்டினார்.

வயலில் நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. கூலி முடிவாகாமல் அரிவாளைத் தொடுவதில்லை என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் சொல்லிவிட்டது. என் அம்மாவும் அறுப்புக்குப் போகிறவள்தான். வானம் கறுப்பதும் கலைவதுமாக இருந்தது. மழை இறங்கிவிட்டால் மிராசுதாருக்கு நெல் இல்லை, அம்மாவுக்குக் கூலி இல்லை. தாசில்தார் இரண்டு தரப்பையும் காலையில் வரச் சொல்லியிருந்தார்.

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மிராசுதாரின் காரியக்காரர் என் காரின் இடது மட்கார்டில் ஒரு கம்பியை முடுக்கி, ஆளுங்கட்சிக் கொடியைப் பறக்கவிட்டிருந்தார். மிராசுதார் அந்தக் கட்சியில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கொடியில்லாத காரில் போனால் ஆபீஸ் ப்யூன்கூட எழுந்திருக்கமாட்டான் என்பது அவர் கணக்கு.

பாலத்தடியில் சங்கச் செயலாளர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். எங்கள் தெருக்காரர், எனக்கு மாமா முறை. பஸ் வரவில்லை. அவர் இல்லாமல் பேச்சுவார்த்தை நடக்காது என்பதால் மிராசுதார் காரை நிறுத்தச் சொன்னார்.

“ஏறுப்பா, செயலாளரே.”

“இந்தக் கொடிக்குக் கீழ நான் வரமாட்டங்க.”

“கொடி வெளிய பறக்குது. நீ உள்ளதான உக்காரப்போற?”

“ஜனம் உள்ள பாக்காதுங்க. வெளியதான் பாக்கும்.”

கொடிக்கு உறை மாட்டுவது என்று முடிவாயிற்று. இரு தரப்பும் அன்று ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. மாமா முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறினார்.

வலப்பக்கமாக வந்த முதல் வளைவிலேயே கர்ர்ர் என்றது. நேராக ஓட்டினால் சத்தமில்லை. இடப்பக்கம் திருப்பினாலும் இல்லை. அடுத்த வலது வளைவில் ரப்பர் கருகும் நாற்றமும் சேர்ந்து வந்தது. ஓர் அரிசி ஆலை வாசலில் நிறுத்தினேன்.

“பேச்சுவார்த்தையே வேணாம்னு எவனோ கார்ல கைய வச்சிருக்கான்” என்றார் மிராசுதார்.

“உங்களுக்குத்தான நாள் வேணும்? வெளியூர் ஆள எறக்கி அறுக்கறதுக்கு” என்றார் மாமா.

“திருப்புடா வண்டிய, ஊருக்கே போவோம்.”

“திருப்புங்க. யாரு ஓடிப்போனாங்கன்னு ஊரு பேசிக்கட்டும்.”

திரும்பிப் போனால் அறுப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஜாக்கி வைத்துத் தூக்கி முன்சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தேன். பேரிங் வழுக்கிக்கொண்டு ஓடியது. சக்கரத்தைப் பிடித்து உலுக்கினேன், ஆட்டமில்லை. பிறகு ஆலைக் களத்தில் தனியாக வலப்பக்கமாகவே வட்டமடித்தேன். சத்தமில்லை. மிராசுதாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சுற்றினேன். அப்போதும் இல்லை. மாமா முன்னால் ஏறியதும் கர்ர்ர்.

“பாத்தியா! இவன் ஏறினாத்தான் கத்துது.”

“வெயிட்டுதான் சார் காரணம்.”

“நான் என்னத்தத் தின்னுடா வெயிட்டு போட்டேன்?” என்றார் மாமா.

“சார், மாமா எறங்கட்டும். நீங்க அந்த சீட்டுக்கு வாங்க.”

மிராசுதார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்சீட்டுக்கு வந்தார். சத்தம் இன்னும் பெரிதாக வந்தது. மாமா களத்தின் நடுவில் நின்று, “இப்ப கைய வச்சது யாருங்க?” என்று கத்தினார்.

ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து நிறுத்தி, மிராசுதாரை அப்படியே உட்காரச் சொல்லிவிட்டு, தரையில் படுத்து இடது மட்கார்டுக்குள் பார்த்தேன். கொடிக் கம்பியை முடுக்கிய போல்ட்டு உள்ளே விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பம்ப்செட்டுக்கு உரிய போல்ட்டு. முன்சீட்டில் ஆள் ஏறினால் மட்கார்டு தாழ்கிறது. வலப்பக்கம் ஒடித்தால் டயரின் பின்விளிம்பு வெளியே வந்து போல்ட்டில் உரசுகிறது. டயரில் ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் காலத்தில் கொடி கட்டாத காரைத்தான் சந்தேகப்படுவார்கள். எனக்கும் கொடியின் மேல் சந்தேகம் வரவில்லை.

“கழட்டித் தூரப் போடு” என்றார் மாமா.

“கம்பி இல்லன்னா நான் வரல” என்றார் மிராசுதார்.

போல்ட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். தலை உள்ளே, மரை வெளியே. அந்த வேலை முடியும்வரை இருவரும் ஆலைக் கொட்டகை நிழலில் நின்று, கூலியாக அளக்கும் நெல்லுக்கு மரக்கால் கணக்கில் சண்டை போட்டார்கள். நான் கையைத் துடைக்கும்போது சண்டை அரை மரக்கால் வித்தியாசத்துக்கு வந்திருந்தது. தாசில்தார் அந்த அரையையும் பாதியாக்கிக் கையெழுத்து வாங்கினார்.

மறுநாள் விடியும்போது அம்மா வயலில் இருந்தாள். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. நெற்கட்டுகளை ஆலைக் கொட்டகைக்குக் கொண்டுபோக ஒரு டிராக்டர் போதவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். சாலை ஓரத்தில் காரை நிறுத்தினேன்.

“சீட்டு மேல ஏத்தலாமாடா?” என்றாள் அம்மா, தலையில் கட்டோடு.

நான் பதில் சொல்வதற்குள் குடைக்குள்ளிருந்து மிராசுதார், “ஏத்து, ஏத்து. முன்னாலயும் ஏத்து” என்றார்.

இருட்டும்வரை வயலுக்கும் கொட்டகைக்குமாக ஓட்டினேன். பாதி தப்பியது, பாதி நனைந்தது. கூலியை எந்தப் பாதியிலிருந்து அளப்பது என்ற பேச்சு எழுவதற்கு முன்பே, மாமா தப்பிய பாதியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.