கடியப்பட்டணத்தில் ஒரு கூடைப் பாசி

சனிக்கிழமை, பிற்பகல். இரணியலில் ரயிலை விட்டு இறங்கும்போது என் கையில் ஒரு ஐஸ் பெட்டி, தோளில் இரண்டு பைகள். ஆராய்ச்சியாளரின் கணவனுக்குரிய சீருடை இதுதான். ஆராய்ச்சியாளர், அதாவது என் மனைவி செலின், கைவீசி முன்னால் நடந்தாள். திருச்சியில் அச்சகம் நடத்தும் எனக்குக் கடல் என்பது வருடத்துக்கு ஒருமுறை மாமனார் ஊரில் பார்ப்பது. அவளுக்கு அது பிறந்த வீட்டுக் கொல்லை.

ஸ்டேஷனிலிருந்து கடியப்பட்டணம் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் என்னிடம் முந்நூறு கேட்டார். "மணவாளக்குறிச்சி வழிதானே அண்ணா போறிய?" என்று செலின் ஊர் ராகத்தில் கேட்டதும் அது இருநூற்றைம்பது ஆனது.

"பெட்டியில மீனா சார்?" என்றார் வழியில்.

"இப்போ ஒண்ணுமில்ல. திரும்பும்போது கடல்பாசி."

"சிப்பி கெடக்க ஊர்ல வந்து பாசியக் கொண்டு போறியளா! கொள்ளாம்!" என்று மெச்சுவதுபோலச் சிரித்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தக் கடற்கரைப் பாறைகளில் ஒட்டி வளரும் பழுப்பு நிறப் பாசியின் சாற்றை, ஆய்வகத்தில் வளர்க்கும் நரம்புச் செல்களில் விட்டுப் பார்க்கிறாள் செலின். மூளைச் செல்கள் பட்டுப்போவதைத் தடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. வேறு ஊர்ப் பாசிகளையும் பார்த்துவிட்டாள். இதுவரை நன்றாக வேலை செய்திருப்பது அவள் ஊர்ப் பாசிதான். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு திமிர் ஏறும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. இனி கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் பாறைப் பக்கமே போக முடியாது. அதற்குள் ஒரு கூடை கிடைக்காவிட்டால் இந்த வருஷத்து வேலை அவ்வளவுதான்.

சனி, மாலை. செலினின் அண்ணன் அந்தோணி கடலில் முங்கி சிப்பி எடுப்பவர். தட்டில் மரவள்ளிக் கிழங்கும் சிப்பி வறுவலும் பரிமாறிவிட்டு, மெதுவாகச் சங்கதியைச் சொன்னார்.

"ஏட்டி, பாசி எடுக்கக் கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாவ. மருந்துக் கம்பெனி வரப்போவுதுன்னு ஒரு பேச்சு. நாளைக்குப் பூசை முடிஞ்சு கூட்டம் உண்டு. நீயே வந்து கேளு. தங்கச்சிக்காவ நான் பேசுனா நல்லாருக்காது."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். செலின் இன்னும் கொஞ்சம் கிழங்கு வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு, காலை. கோயிலை ஒட்டிய மண்டபம் நிரம்பி வழிந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சிப்பி எடுக்கும் ஒருவர் எழுந்து நேராகவே கேட்டார்.

"சிப்பிக் குஞ்சு மொதல்ல ஒட்டுறதே பாசியிலதான். அத வழிச்சுட்டா நாங்க எங்க போவோம்?"

"தெரியும் மாமா. சிப்பி வித்த பைசாவுலதான் நானும் படிச்சேன்," என்றாள் செலின். "அடியோட பறிக்க மாட்டேன். மேல மட்டும் வெட்டுவேன், திரும்பத் தழைச்சுரும். ஒரு கூடை போதும். கம்பெனிக்கு இல்ல, எங்க காலேஜ் லேபுக்கு."

பாதிப் பேர் தலையாட்டினார்கள், பாதிப் பேர் ஆட்டவில்லை. அப்போது பெண்கள் பக்கமிருந்து ரோஸ்மேரி அக்கா எழுந்தார். கல்ஃபில் பல வருஷம் உழைத்துத் திரும்பிய அவர் கணவருக்கு இப்போது மனைவியின் பெயரே நினைவில் இல்லை என்று பக்கத்திலிருந்தவர் என் காதில் சொன்னார்.

"மக்கா, ஒண்ணு மட்டும் சொல்லு. இதக் குடிச்சா எங்க வீட்டுல இவியளுக்கு ஓர்மை திரும்புமா?"

ஓர்மை என்றால் இங்கே நினைவு. 'திரும்பலாம் அக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரே பாசியை வெட்டிக் கொடுக்கும். சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்லக்கா," என்றாள் செலின். "போன ஓர்மை இதுல திரும்பாது. கண்ணாடித் தட்டுல வளக்குற செல்லுலதான் நாங்க பாத்துருக்கோம். மனுசருக்கு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. நீங்க இத அரைச்சுக் கிரைச்சுக் குடுத்துராதீங்க."

அவள் குரல் உடைந்தது. ஆனாலும் வார்த்தையை மாற்றவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ரோஸ்மேரி அக்கா உட்காரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாவனும் கொணமாவும் கொணமாவும்னு சொல்லித்தான் எனக்கு மருந்து வித்தானுவ. இவ ஒருத்திதான் தெரியாதுன்னு சொல்லுதா. இவளுக்குக் குடுங்க."

கொடுத்தார்கள்.

திங்கள், விடியற்காலை. நேற்றுக் கேள்வி கேட்ட அதே மனிதர்தான் அந்தோணியோடு பாறைக்கு வந்து, எங்கே வெட்டினால் சிப்பிக்குக் கெடுதலில்லை என்று காட்டினார். செலின் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தரியால் வெட்ட வெட்ட, நான் வாங்கிக் கூடையில் போட்டேன். வழுக்கி இரண்டு தடவை விழுந்தேன். மச்சினர் வாய்விட்டுச் சிரித்தார்.

திங்கள், நண்பகல். நாங்கள் கிளம்பும்போது ரோஸ்மேரி அக்கா கணவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்.

"நீ ஆரு மக்ளே?" என்று அவர் செலினிடம் கேட்டார்.

"அந்தோணிக்க தங்கச்சி."

தலையாட்டிவிட்டு மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். அக்கா அவளை ஆட்டோவரை கூட்டி வந்தார்.

"மக்கா, இது பலிச்சா ஊரே வந்து எங்கிட்ட சொல்லும். பலிக்கல்லன்னாலும் நீ வந்து சொல்லணும், கேட்டியா?"

"சொல்லுவேன்க்கா."

திருச்சியில் எங்கள் தெருவில் செலினைப் பார்ப்பவர்கள் கேட்பதெல்லாம், மருந்து எப்போது கடைக்கு வரும் என்பதுதான். பலிக்காவிட்டாலும் வந்து சொல் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆட்டோ மணவாளக்குறிச்சி தாண்டும்வரை செலின் அழுதுகொண்டே வந்தாள். மேடைகளில் அவளுக்கு விழுந்த கைதட்டல்களை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, ரோஸ்மேரி அக்கா கேட்ட இந்த ஒன்றைத்தான் இனி பார்ப்பவரிடமெல்லாம் சொல்லப் போகிறேன்.