ஓ… ஏ… என்று முடியும் ஊறுகாய்ப் பாட்டு

1. முன்வரிசையில் ஒரு சிரிப்பு

சவுண்ட் செக் நடக்கும்போது ஹாலில் யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால், மேடையில் இருப்பவர் தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். பழி கடைசியில் மைக்காரன் தலையில் விழும். அன்றைக்கு அப்படித்தான் ஆயிற்று.

எனக்குத் திருவனந்தபுரத்தில், சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் மைக்செட் கடை. இப்போது அதை மருமகன் பார்த்துக்கொள்கிறார். தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் சிலர், "அண்ணாச்சி, அனுபவத்தை எழுதுங்க" என்று கேட்டதால் எழுதுகிறேன். மைக் கீச்சிடுகிற ஃபீட்பேக்கை எப்படி அடக்குவது என்பதையெல்லாம் யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள். இது வேறு விஷயம்.

தம்பானூருக்குப் பக்கத்தில் ஒரு ஹால். ஒரு நட்புறவுச் சங்கத்தார் நடத்திய ஜப்பானிய இசை மாலை. ஜப்பானிலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். நாடோடிப் பாடல்களை ஆராய்ந்தவர், பாடவும் செய்வார். அவரோடு கோத்தோ வாசிக்கும் ஒரு பெண். கோத்தோ என்பது ஆள் நீளத்துக்குத் தரையில் கிடத்தி மீட்டும் தந்தி வாத்தியம். அதற்கு மைக் எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

சங்கத்தின் செக்ரட்டரி விஜயகுமார் சார் காலையிலேயே என்னை மிரட்டி வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இன்னு வலிய ஆளுகள் வருந்நுண்டு கேட்டோ. ஒரு ஹம் கேட்டால், அடுத்த கொல்லம் முதல் வேற மைக்செட்." பெரிய மனிதர்கள் வருகிறார்கள், ஸ்பீக்கரில் சின்ன இரைச்சல் கேட்டாலும் அடுத்த வருஷம் வேறு ஆள் என்று அர்த்தம்.

சவுண்ட் செக்குக்காகப் பேராசிரியர் அன்றைய முக்கியமான பாட்டைத் தொடங்கினார். ஜப்பானில் தாலாட்டாகவும் பாடுவார்களாம், பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகளை வழியனுப்பவும் பாடுவார்களாம். மெல்ல, மிக மெல்ல, ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஈரத்துணி பிழிவது போலப் பிழிந்து பாடினார். கடைசியில் "ஓ… ஏ…" என்று இரண்டு ஸ்வரம். கண்ணை மூடி அதில் நின்றார். எனக்கே நெஞ்சு கனத்தது.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு.

பார்த்தால் ஒரு ஜப்பானிய அம்மாள். எண்பது வயது இருக்கும். முழங்காலில் பச்சிலைக் கட்டு, தலையில் பளபளவென்று எண்ணெய். பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெண், கரமனை அக்ரஹாரத்துக் காயத்ரி. ஜப்பானிய கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து மொழி கற்றவள், நிகழ்ச்சிக்கு மொழிபெயர்ப்பாளராக வந்திருந்தாள்.

பேராசிரியர் முகம் சுருங்கியது. விஜயகுமார் சார் என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, ஆ அம்மச்சியெ ஒந்நு மெல்லப் புறத்தாக்கணும்."

"சார், நான் மைக்காரனா செக்யூரிட்டியா?"

"இப்போ ரெண்டும்."

2. கேன்டீனில் கேட்ட கதை

கிட்டே போய்க் காயத்ரியிடம், "மக்ளே, இவங்கள ஒரு சாயா குடிக்கக் கூட்டிட்டு வாயேன். நானும் வாறேன்" என்றேன். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, உடனே எழுந்துவிட்டார். பெயர் ஹானா. முழங்கால் வலிக்காகக் கரமனை ஆற்றோரத்து ஆயுர்வேத ஆசுபத்திரி ஒன்றில் தங்கியிருந்தார். அங்கேயும் அவருக்குப் பேச்சுத்துணை காயத்ரிதான். பொழுது போகவில்லை என்றாராம், அவள்தான் இங்கே அழைத்து வந்திருக்கிறாள்.

கேன்டீனில் உட்கார்ந்ததும் கேட்டேன்: "எதுக்குச் சிரிச்சாங்களாம்?"

காயத்ரி கேட்டுச் சொன்னாள். ஹானா அம்மா பேசியதெல்லாம் எனக்கு அக்ரஹாரத் தமிழில்தான் வந்து சேர்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அது அழற பாட்டே இல்லையாம் அங்கிள். ஊறுகாய்ப் பாட்டாம்."

"என்ன பாட்டு?"

"முள்ளங்கி ஊறுகாய். அதுக்கு விளம்பரமாம். இவாதான் போட்டாளாம்."

சாயா எனக்குப் புரையேறியது.

ஹானா அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இளம் வயதில் அவர் ஒரு சின்ன ஊரின் வானொலி நிலையத்தில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கோரோபே என்ற ஊறுகாய் வியாபாரி வந்து, என் கடைக்கு ஒரு பாட்டு வேண்டும், பிள்ளைகள் பாடினால் அம்மாக்கள் வாங்குவார்கள் என்றார். இவர் வீட்டுக்குப் போய், அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும்போதே மெட்டைப் போட்டு முடித்துவிட்டார். துள்ளலான பாட்டு. அதற்குக் கூலி ஒரு பீப்பாய் முள்ளங்கி ஊறுகாய். அதற்கப்புறம் முள்ளங்கியைக் கண்டாலே அவருக்கு ஆகாதாம்.

கடை கொஞ்ச நாளில் மூடிப்போயிற்று. பாட்டு மட்டும் நின்றுவிட்டது. பிள்ளைகள் ஊறுகாய் வரிகளை மறந்து வேறு வரிகளைப் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒரு தாய் குழந்தையைத் தூங்க வைக்க வேகத்தைக் குறைத்தாள். பிறகு ஒரு பாடகர் இன்னும் குறைத்தார். அதன்பின் அறிஞர்கள் வந்து, பனிமலைக் கிராமத்தில் முன்னோர் பாடிய பாட்டு என்று எழுதிவிட்டார்கள்.

"நீங்க மறுத்துச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"ஒரு பத்திரிகைக்காரர்கிட்ட சொன்னேன். 'ஊருக்கு ஒரு அம்மா இப்படித்தான் சொல்றா'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் என் பொண்ணுக்கே ஸ்கூல்ல பரீட்சை. இந்தப் பாட்டை இயற்றியவர் யாருன்னு கேள்வி. 'அம்மா, உன் பேரை எழுதட்டுமா'ன்னு கேட்டா. நான் என்ன பண்றது? 'தெரியவில்லைன்னு எழுது, இல்லேன்னா மார்க் போயிடும்'னு சொல்லிட்டேன்."

காயத்ரி இதைச் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஹானா அம்மாவோ மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

நான் சும்மா நம்புகிற ஆள் இல்லை. சாலையில் எத்தனையோ ஜவுளிக்கடைக்கு ஆட்டோ அனவுன்ஸ்மென்டும் விளம்பரப் பாட்டும் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். விளம்பரப் பாட்டு என்றால் கடைசியில் கடைப்பேர் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் முதலாளி விடமாட்டார். அதைக் கேட்டேன்: "அப்போ கடைப்பேர் எங்க?"

ஹானா அம்மா இரண்டு விரலால் மேஜையில் டக், டக் என்று அடித்தார்.

"கோரோ… பே!"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. மேடையில் பேராசிரியர் கண்ணை மூடி நின்ற அந்த "ஓ… ஏ…" இருக்கிறதே, அது பாடிப் பாடி எழுத்து தேய்ந்துபோன ஊறுகாய்க்காரர் பெயர்!

"சாயங்காலம் அவர் பேசறப்ப எந்திரிச்சுச் சொல்லிருவாங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டேன். சொன்னால் அடுத்த வருஷம் எனக்கு வேலை இல்லை.

"மாட்டேன்னு சொல்றா. அவருக்கு நல்ல குரல், பாவம், அவர் பொழைப்பைக் கெடுக்க வேண்டாமாம். ஆனா ஒரே ஒரு தடவை, அந்தப் பாட்டைப் போட்ட வேகத்துலயே ஒரு கூட்டத்துல கேட்கணுமாம். எங்க போனாலும் அதை அழ வெச்சுடறாளாம்."

3. பொன்னாடைக்கு ஓர் ஆள்

மாலையில் ஹால் நிறைந்துவிட்டது. ஆனால் சிறப்பு விருந்தினர் வரவில்லை. சென்னையிலிருந்து வர வேண்டியவர், விமானம் கிளம்பவில்லை என்று போன் வந்தது. விஜயகுமார் சார் கையில் பொன்னாடை, நினைவுப்பரிசு, பக்கத்தில் போட்டோகிராபர், போர்த்திக்கொள்ளத் தோள் மட்டும் இல்லை.

பேராசிரியர் பேசினார், காயத்ரி மொழிபெயர்த்தாள். இந்தப் பாட்டை யாரும் இயற்றவில்லை, மலையும் பனியும் சேர்ந்து இயற்றியது என்றார். கடைசி இரண்டு ஸ்வரம், தொலைந்துபோன பிள்ளையைப் பனியில் தேடும் தாயின் கூப்பாடு என்றார். காயத்ரி அதை மலையாளத்தில் சொல்லும்போது குரல் நடுங்கிற்று. சபை துக்கத்தால் என்று நினைத்தது. எனக்குத் தெரியும், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தபோது பலர் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசையில் ஹானா அம்மா கைகட்டி நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

விஜயகுமார் சாரின் கண் அவர்மேல் விழுந்தது. சபையில் இருந்த ஒரே ஜப்பான்காரர் அவர்தான்.

"அண்ணாச்சி, கார்ட்லெஸ் மைக் ரெடியாக்கு. அம்மச்சிக்குப் பொன்னாடை, ரெண்டு வாக்கு நன்றி, உடனே கட்."

"சார், காலையில புறத்தாக்கணும்னு சொன்னது இவங்களத்தான்."

"அது காலத்து, இது சாயங்காலம்."

பொன்னாடை போர்த்தினார்கள், படம் பிடித்தார்கள். ஹானா அம்மா மைக்கை வாங்கிக் குனிந்து வணங்கினார். இரண்டு வாக்கியம் பேசினார். காயத்ரி மொழிபெயர்த்தாள்: "எங்க ஊர்ல இந்தப் பாட்டைக் கொஞ்சம் வேற மாதிரி பாடுவோம். பாடிக் காட்டட்டுமா?"

சபை கைதட்டியது. அவ்வளவுதான். ஹானா அம்மா இடது கையால் மரப் போடியத்தைப் பீப்பாய் போலத் தட்டிக்கொண்டு பிடித்தார் ஒரு வேகம்! அதே மெட்டு. ஆனால் படிக்கட்டில் குதித்து இறங்குகிற குழந்தை மாதிரி ஓடியது. முடிவில் டக், டக், "கோரோ-பே!"

விஜயகுமார் சார் பக்கவாட்டிலிருந்து கழுத்தை அறுப்பது போல் சைகை காட்டினார். கட் பண்ணு என்று அர்த்தம். நான் தலையைக் குனிந்து மிக்சரில் எதையோ தீவிரமாகத் தேடினேன். தேடிக்கொண்டே ஹானா அம்மாவின் மைக் சேனலைக் கொஞ்சம் ஏற்றினேன்.

இரண்டாம் தடவை சபையே தாளம் போட்டது. மூன்றாம் தடவை கோத்தோ வாசிக்கும் பெண் தாங்கமாட்டாமல் சேர்ந்துகொண்டாள். திருவனந்தபுரத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும், வேட்டியும் பட்டுப்புடவையுமாக, எப்போதோ மூடிப்போன ஒரு முள்ளங்கி ஊறுகாய்க் கடையின் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

விஜயகுமார் சார் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, எந்தா ஈ கோரோபே? ஏதெங்கிலும் தெய்வமோ?" என்றார்.

"விசாரிச்சுச் சொல்றேன் சார்."

4. யாருடையது

தேசிய கீதம் முடிந்து கூட்டம் கலைந்தது. நான் கேபிள் சுருட்டப் போனேன். பேராசிரியர் மேடையில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு ஹானா அம்மாவிடம் வந்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகப் போடியத்தைத் தட்டினார். டக், டக். ஏதோ கேட்டார்.

காயத்ரி என் காதில் சொன்னாள்: "அந்தக் கடைசி ரெண்டு ஸ்வரம் ஏன் அங்க வந்து நிக்கறதுன்னு வாழ்க்கை பூரா எனக்கு உறுத்திண்டே இருந்தது, இன்னிக்குத்தான் அது உக்கார வேண்டிய எடத்துல உக்காந்ததுங்கறார். இந்தப் பாட்டு யாரோடதுன்னு கேக்கறார்."

அதுவரை இருந்த குறும்பெல்லாம் ஹானா அம்மாவின் முகத்திலிருந்து இறங்கிவிட்டது. போர்த்தியிருந்த பொன்னாடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மிகச் சின்னக் குரலில் ஒரு சொல் சொன்னார். என்னுடையது என்று அர்த்தமாம்.

பேராசிரியர் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு எழுந்து என்னைப் பார்த்து, மைக் என்று கையால் கேட்டார். கார்ட்லெஸ்ஸை அணைத்துப் பெட்டியில் வைத்தாயிற்று. போடியம் மைக் மட்டும் எப்படியோ இன்னும் ஆனில் இருந்தது. அதைக் காட்டினேன்.

ஹாலில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். மிச்சப் பேர் குடையைத் தேடிக்கொண்டும், ஆட்டோவுக்குப் போன் பண்ணிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பேராசிரியர் பேசினார்.

"சற்று முன் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று காயத்ரி கணீரென்று சொன்னாள். "இந்தப் பாட்டை மலையும் பனியும் இயற்றவில்லை. இயற்றியவர் பெயர் குரிமோதோ ஹானா. இதோ நிற்கிறார்."

வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். பிறகு எல்லோரும். ஹானா அம்மா குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டதோ என்று காயத்ரி ஓடினாள். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

விஜயகுமார் சார் மறுநாள் போன் செய்தார். பத்திரிகையில் படம் வந்துவிட்டதால் அடுத்த வருஷமும் நான்தான் என்றார். கோரோபே யார் என்று சொன்னேன். "அச்சாரோ? ஊறுகாயோ?" என்றார். "ஞான் மூணு ப்ராவசியம் விளிச்சல்லோ!" மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாராம், பாவம்.

பேராசிரியர் ஊருக்குப் போய் இதை எழுதினார். உடனே எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். "ஊருக்கு ஒரு அம்மா இப்படித்தான் சொல்கிறார்" என்று அவரையே மடக்கினார்களாம். அவர் நொந்துபோய்க் காயத்ரிக்குப் போன் செய்து புலம்பியிருக்கிறார். ஹானா அம்மா அதைக் கேட்டுவிட்டு, "நல்லது, இத்தனை நாள் நான் தனியா இருந்தேன், இப்ப ரெண்டு பேராயிட்டோம்" என்றாராம்.

இனித் தொழில் பாடம். தேசிய கீதம் முடிந்ததும் எல்லாச் சேனலையும் இறக்கிவிட வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். கடைசி ஆள் மேடையை விட்டு இறங்கும்வரை ஒரு மைக் உயிரோடு இருக்கட்டும். பெரும்பாலும் அதில் நாற்காலி இழுக்கிற சத்தமும், "என் செருப்பு எங்கே" என்ற கேள்வியும்தான் வரும். செக்ரட்டரி திட்டுவார். திட்டட்டும்.