போட்டுக்கொள்ளாத ஜெர்கின்

மகள் எனக்காக வாங்கி வைத்திருந்த ஜெர்கின் நீல நிறம். கையில் எடுத்தால் எடையே தெரியாது. பெரு நாட்டில் கூஸ்கோ என்கிற ஊரில், விடுதி அறைக் கட்டிலின் மேல் அதை விரித்துப் போட்டு, "இதைப் போட்டுக்கிட்டா எம்புட்டுக் குளிரும் உள்ள வராதுப்பா" என்றாள். தடவிப் பார்த்தேன். நைலான்.

"வேண்டாம்மா. சட்டை இருக்கு" என்றேன்.

என் பையில் நான்கு பருத்திச் சட்டைகளும் இரண்டு பனியனும் ஒரு நூல் போர்வையும் இருந்தன. மகள் சிரித்தாள். "இங்கன பட்டாசு ஆபீஸ் ஒண்ணும் இல்லப்பா. கேட்டுல நின்னு யாரும் சோதிக்க மாட்டாக."

கேட்டில் நின்று சோதிக்கிறவன் நான்தான். நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிறேன். காலையில் வேலைக்கு வருகிறவர்களிடம் தீப்பெட்டி இருக்கிறதா, பீடி இருக்கிறதா என்று பார்ப்பேன். அதோடு துணியையும் பார்ப்பேன். நைலான், பாலியெஸ்டர் எல்லாம் உரசினால் மின்சாரம் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாத பொறி போதும், வெடிமருந்து பிடித்துக்கொள்ளும். தீப்பிடித்தால் பருத்தி எரிந்து சாம்பலாக உதிரும், நைலான் உருகி உடம்போடு ஒட்டும். அதனால் பெண்கள் நூல்சேலைதான் கட்டி வர வேண்டும். அறைக்குள் நுழைகிறவர்கள், உடம்பில் இருக்கும் மின்சாரம் தரைக்கு இறங்கிவிட, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். இருபது வருடத்துக்கு மேல் இப்படி இருந்தவனுக்கு வேறு துணி உடம்பில் பட்டாலே கூசும்.

ஆனால் நான் ஜெர்கினை மறுத்தது பழக்கத்தால் மட்டும் இல்லை.

மகள் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருக்கும் மாதத்தில் என்னை வரவழைத்தாள். அங்கிருந்து ஆண்டீஸ் மலைக்குப் போகலாம், முதுகில் பையைப் போட்டுக்கொண்டு நடந்தே ஒரு கணவாயைக் கடந்து அந்தப் பக்கத்துக் காட்டில் இறங்கலாம் என்றாள். அந்தக் கணவாயின் படத்தை ஆபீஸ் மேசையில் ஒட்டி வைத்திருந்தாளாம். சாத்தூரைத் தாண்டி மதுரைக்குப் போவதையே பயணமாக நினைத்தவன் நான். நாலு பேர் நடுவில் பேசவே நா எழாது. இருந்தும் சரி என்றேன். ஒரே காரணம்தான். அவள் அம்மா விபத்தில் சிக்கிய நாளில் நடந்த ஒன்றை அவளிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். நடந்து போகிற பாதையில் அவள் முன்னால் போவாள், நான் பின்னால் போவேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததை முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

நடந்தது இதுதான். என் மனைவியும் அதே கம்பெனியில், புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தாள். தீபாவளிக்கு முந்தின சீசன். சாத்தூரில் அவள் தங்கை வீட்டில் ஒரு காதுகுத்து. விடியற்காலையில் மகளோடு போய்த் தலையைக் காட்டிவிட்டு, பதின்மூன்று வயது மகளை அங்கேயே விட்டுவிட்டு, அப்படியே பஸ் பிடித்து வேலைக்கு வந்தாள். உடம்பில் பச்சை நைலக்ஸ் சேலை, அதுவும் நைலான்தான். வேறு யாராவது அப்படி வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அவள் என்னைப் பார்த்தாள். "வீட்டுக்குப் போயி மாத்திட்டு வர நேரமில்ல. இன்னைக்கு ஒரு நா" என்றாள்.

பின்னால் வரிசையில் நின்ற பெண்களுக்கு அது போதுமாக இருந்தது.

"பொண்ணு பாக்க வந்தவுகளுக்குக் காப்பி குடுக்கப் போறாப்புல வந்திருக்காக பாருங்கடி."

"நாம வந்தா சட்டம் பேசுவாக. வீட்டம்மான்னா பேசுவாகளா? ராத்திரிச் சோறு கிடைக்காதுல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்த இடத்தில் நின்று அவளோடு பேசுவதே எனக்கு வெட்கமாக இருந்தது. "போ, போ" என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த ஆளின் பையைப் பார்க்கக் குனிந்துகொண்டேன்.

மத்தியானத்துக்கு முன்னால் அந்த அறை வெடித்தது. உள்ளே நான்கு பேர். மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். இவள் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். எதனால் பிடித்தது என்று விசாரிக்க வந்தவர்களால் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியாது. சேலையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. வரிசையில் நின்று கேலி பேசிய இரண்டு பேரும் அந்த நான்கு பேரில் இருந்தார்கள்.

மலையில் முதல் நாள் நடை சுலபமாகத்தான் இருந்தது. எங்கள் ஊர்க் கரிசல் காட்டைப் போல மரமே இல்லாத நிலம். காய்ந்த புல், கல், அதற்கு மேல் வெள்ளையாக மலை. வெயிலில் நின்றால் தோல் சுடும், நிழலுக்கு வந்தால் நடுங்கும். மூச்சு மட்டும் பாதியில் நின்றது. பத்து எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். கூடாரத்தையும் அரிசியையும் ஒரு குதிரை சுமந்தது. குதிரைக்காரர் என் வயதுக்காரர். கன்னத்தில் எப்போதும் ஒரு இலையை அடக்கியிருப்பார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மாதிரி அதற்கு ஒரு சாம்பல் கட்டியைக் கடித்துக்கொள்வார். என் சட்டையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு என்னவோ சொல்லிச் சிரித்தார்.

"என்ன சொல்றாரு?"

"கடற்கரைக்குப் போக வேண்டியவரு வழி தவறி வந்துட்டாரான்னு கேக்காருப்பா" என்றாள் மகள்.

அவள் முன்னால் போனாள். பெரிய பை அவள் தலைக்கு மேல் உயர்ந்து நின்றது. முதுகே தெரியவில்லை. பையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். "ஏம்மா" என்று கூப்பிட்டேன். நின்று திரும்பினாள். முகம் சிவந்து, சந்தோஷமாக இருந்தது. "தண்ணி குடு" என்றேன். இப்படி அன்றைக்கு மட்டும் நாலைந்து தடவை தண்ணீர் குடித்தேன்.

சாயங்காலம் கூடாரத்துக்குள் இருட்டத் தொடங்கியபோது அவள் தன் நைலான் மேல்சட்டையைக் கழற்றினாள். சடசடவென்று சத்தம் கேட்டது. துணியின் ஓரத்தில் நீலமாகச் சின்னச் சின்னப் பொறிகள் ஓடின. அந்த ஊர்க் காற்றில் ஈரமே இல்லை, அதனால் அப்படி. எனக்கு அது தெரியும். ஆனாலும் நான் கூடாரத்தை விட்டு வெளியே பாய்ந்து, வெறும் தரையில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தேன். மகள் தலையை நீட்டி, "என்னப்பா, பூச்சியா?" என்றாள். "ஆமா" என்றேன்.

மூன்றாம் நாள் கணவாய். மேலே கல்லைக் கல்லின் மேல் அடுக்கி வைத்திருப்பார்கள், அதைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்றாள். அந்தக் கற்குவியலுக்குப் பக்கத்தில் வைத்து எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஏற்றத்தில் வியர்த்தது. பனியன், அதன் மேல் மூன்று சட்டை, எல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டன. பத்து மணிக்கு மேகம் இறங்கியது. முதலில் மழை, பிறகு ஆலங்கட்டி. பருத்தி ஈரத்தைக் குடித்தால் விடாது. எங்கள் ஊரில் அது சுகம். அங்கே என் நெஞ்சில் ஐஸ் கட்டியைக் கட்டிவிட்டது போல் ஆனது. கை என் பேச்சைக் கேட்கவில்லை. பல் தந்தியடித்தது. அதற்கப்புறம் நடுக்கமும் நின்று, தூக்கம் வருவது போல் இருந்தது.

மகள் தன் பையிலிருந்து அந்த நீல ஜெர்கினை எடுத்தாள். நான் வேண்டாம் என்றும் அவள் அதைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறாள்.

"போட்டுக்கோங்கப்பா. ஒங்களக் கெஞ்சிக் கேக்கேன்."

நான் அதைத் தட்டிவிட்டேன். மறுபடி தோளில் போட்டாள். மறுபடி தட்டிவிட்டேன். "எதுக்குப்பா இப்படிப் பண்றீக? எதுக்குன்னு சொல்லுங்க" என்று அழுதாள். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் இருக்காது. வாயைத் திறந்தேன். நாக்கு தடித்துப் போயிருந்தது. சொல் ஒன்றும் வரவில்லை. அது குளிரால்தான் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குதிரைக்காரர் அதற்கு மேல் பொறுக்கவில்லை. என் ஈரச் சட்டைகளை உருவி எறிந்துவிட்டு, தான் போர்த்தியிருந்த கம்பளியை எனக்குச் சுற்றி, குதிரையில் தூக்கி வைத்துக் கட்டினார். குதிரையின் தலையை வந்த வழிக்கே திருப்பினார். மேகம் ஒரு நிமிடம் விலகியது. கற்குவியல் தெரிந்தது. கூப்பிடு தூரம்தான். மகள் அதை நின்று பார்த்தாள். படம் எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை வரலாம்மா" என்றேன், பேச்சு திரும்பிய பிறகு.

"இல்லப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

நடந்து போக வேண்டிய காட்டுக்கு வேனில் போனோம். மலை இறங்க இறங்க மரம் வந்தது, பாசி வந்தது, காபிச் செடி வந்தது, வாழை வந்தது. ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் இறங்கியபோது ஆனி மாதம் போல் புழுங்கியது. இப்போது என் சட்டைதான் சரியாக இருந்தது. ஈர ஜெர்கினை மகள் விடுதிக் கம்பியில் காயப் போட்டிருந்தாள்.

மறுநாள் அந்த ஊரில் ஏதோ கோயில் விழா. பட்டப்பகலில் ராக்கெட் விட்டார்கள். ஒன்று நேராகப் போகாமல் வளைந்து ஆற்றில் விழுந்தது.

"குச்சி நீளம் பத்தாது" என்றேன்.

மகள் சிரித்துவிட்டாள். "இம்புட்டுத் தூரம் வந்தும் சூப்பர்வைசர் வேலையா?" மருந்துப் புகையின் வாசம் எங்கள் பக்கம் வந்தது. அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா அன்னைக்கு எந்தச் சேலையில இருந்தாகப்பா?"

நான் தேடி வந்த நேரம் தானாகவே வந்து நின்றது. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் சொன்னது இதுதான்:

"நூல்சேலைதான். கேட்டுல ஒரு சேலை எப்பவும் இருக்கும். மாத்திக்கிட்டுத்தான் உள்ள போனா."

எப்படி அவ்வளவு வேகமாக வந்தது என்று தெரியவில்லை. மகள் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள்.

"காதுகுத்துக்கு அந்த வேலைக்குப் போற நூல்சேலையில வராதம்மா, எனக்கு வெக்கமா இருக்குன்னு நாந்தான் அழுதேன். பெட்டியிலேருந்து அந்தப் பச்சைச் சேலையை எடுத்துக் குடுத்ததும் நாந்தான். ஆஸ்பத்திரியில நான் கையைப் பாத்தேன்ப்பா. பச்சையா ஒட்டியிருந்துச்சு" என்றாள்.

நான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நான் எடுத்துக் குடுத்த சேலையாலதான்னு எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான இத்தனை வருசமா சொல்லாம இருக்கீக. அந்த ஜெர்கினையும் அதுக்குத்தான போட மாட்டேன்னீக."

நீ இல்லை, நான்தான் உள்ளே விட்டேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லியிருந்தால் பதின்மூன்று வயதிலிருந்து சுமந்ததை அவள் அந்த ஆற்றங்கரையில் இறக்கி வைத்திருப்பாள். இன்னொரு ராக்கெட் போனது. அது நேராகப் போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரிப்பா. விடுங்க" என்று என்னைத் தேற்றினாள்.

ஊருக்குத் திரும்பிச் சில மாதத்தில் ஒரு பார்சல் வந்தது. மதுரைக் கடையொன்றிலிருந்து மகள் அனுப்பச் சொன்னது. உள்ளே இருபது நூல்சேலைகள். போனில் சொன்னாள்: "கேட்டுல வைங்கப்பா. யாராச்சும் மறந்து வேற சேலையில வந்தா மாத்திட்டுப் போகட்டும். அன்னைக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா அம்மா மாத்தியிருப்பாகள்ல." "மாத்தியிருப்பா" என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு சீசனுக்கும் பார்சல் வருகிறது. அவள் வருவதில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால், "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்" என்கிறாள். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன சீசனில் ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பெண் பளபளவென்று ஒரு சேலையில் வந்தாள். அலமாரியைத் திறந்து ஒரு நூல்சேலையைக் கொடுத்தேன். பின்னால் நின்ற ஒருத்தி, "எடுத்துக்கடி. போர்மேன் மக சீமையிலேருந்து அனுப்பினது. அவுகளுக்கு நம்ம மேல எம்புட்டுப் பிரியம்" என்றாள். புதுப்பெண் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒங்க மகளுக்கு நான் கும்பிட்டதாச் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது அதைச் சொன்னேன். அதை மட்டும் சொன்னேன்.