மழை பார்க்காத வீடு

காசிஃபா நம்யாலோ முக்கோனோ சந்தையில் புகைபோட்ட மீன் விற்கிறவள். கணவர் போன பிறகு கல் கல்லாகச் சேர்த்து, செம்மண் மேட்டின் சரிவில் மூன்று அறை வீடு ஒன்றைக் கட்டி முடித்தாள். டிசம்பரில் குடிவந்தாள். ஜனவரியில், அதை விற்கப்போகிறேன் என்றதும் அக்கம்பக்கம் வாயைப் பிளந்தது.

காரணம் சாதாரணமானதுதான். கட்டோசி ஏரிக்கரையில், படகுகள் ஒதுங்கும் இடத்தருகே, புகையடுப்போடு ஒரு மனை விலைக்கு வந்திருந்தது. தினமும் இருட்டோடு வேனில் இடிபட்டு அங்கே மீன் வாங்கப் போகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? மனைக்காரரும் ஆண்டின் பாதிவரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டார். ஆகவே விற்பதா என்பதல்ல, எப்போது விற்பது என்பதுதான் கேள்வி.

தரகன் கிவும்பிக்கு அதில் சந்தேகமே இல்லை. "இப்பவே வித்துடு அக்கா, பெயிண்ட் வாசனை போறதுக்குள்ள. மழை பிடிச்சா இந்த மேட்டுல ஆடுகூட ஏறாது, ஆளா ஏறும்?"

பக்கத்து வீட்டு பெர்பெத்துவா வேறு சொன்னாள். "தார் ரோடு வரட்டும்டி. ரெண்டு மடங்கு விலை போகும்."

"ரோடு வருது வருதுன்னு என் கல்யாணத்தன்னிக்கே சொன்னாங்க," என்று காசிஃபா சிரித்தாள்.

அந்த வாரமே கிவும்பி ஒரு தம்பதியை அழைத்து வந்தான். லுக்வாகோ பள்ளிக்கூட வாத்தியார். மனைவி ஜோவியா நிறைமாதக்காரி. வீடு இருவருக்கும் பிடித்துப்போயிற்று. விலையும் படிந்தது. வாசல்வரை போன ஜோவியா திரும்பிக் கேட்டாள்.

"மழைக்குத் தண்ணி உள்ள வருமா அம்மா?"

"சொட்டு வராது!" என்று கிவும்பி முந்திக்கொண்டான்.

காசிஃபாவின் நாக்கிலும் அதே பதில்தான் வந்து நின்றது. ஆனால் அந்தக் கூரையின் கீழ் அவள் ஒரு மழையைக்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள்.

"தெரியலம்மா. வீடு இன்னும் மழையே பாக்கல. ஏப்ரல்ல வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

அவர்கள் போனதும் கிவும்பி தலையில் கைவைத்துக்கொண்டான். "மீன் விக்கும்போதும் இப்படித்தான் 'தெரியல'ம்பியா அக்கா?"

"மீனை மோந்து பாத்தா தெரியும்டா. வீட்டை எப்படி மோந்து பாக்கறது?"

மார்ச் கடைசியில் மழை கொட்டியது. தகரக் கூரை அதிர்ந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்பாடா என்று அவள் உட்கார்ந்த நேரம், மேட்டின் உச்சியிலிருந்து இறங்கிய செம்மண் நீர் சமையலறைக் கதவின் அடியில் புகுந்து கரிமூட்டையை நனைத்தது. மறுநாள் சந்தைக்குப் போகாமல், ஆள் வைத்து வீட்டின் பின்னே ஆழமாக வாய்க்கால் வெட்டிக் கல் பாவினாள். சமையலறை வாசற்படியை ஒரு சாண் உயர்த்தினாள். அடுத்து வந்த மழை இன்னும் பெரிது. தரை காய்ந்தே கிடந்தது. வெட்டிப்போட்ட மண் கரைந்து ஓடாதிருக்க அதில் பீன்ஸ் ஊன்றினாள்.

ஏப்ரலில், நல்ல மழையிலேயே அவர்கள் வந்தார்கள். வண்டி கீழே சேற்றில் சிக்கிக்கொண்டது. வாத்தியார் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். ஜோவியாவின் முதுகில், பிளாஸ்டிக் தாளுக்கடியில் குழந்தை தூங்கியது.

காசிஃபா தேநீர் கொடுத்துவிட்டு, தண்ணீர் புகுந்த இடத்தையும் வாய்க்காலையும் காட்டினாள். லுக்வாகோ புருவத்தைச் சுருக்கினார்.

"அப்ப தண்ணி வந்திருக்கு."

"வந்துச்சு. முதல் மழைக்கு. அப்புறம் வரல."

"நாலு வீடு பாத்தாச்சுங்க," என்றாள் ஜோவியா கணவனிடம். "எல்லாரும் சொட்டு வராதுன்னாங்க. எந்தச் சுவர்ல கறை இல்ல? இவங்கதான் இருக்கறதச் சொல்றாங்க."

சேற்றுப் பாதையைக் காட்டி வாத்தியார் விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். காசிஃபா குறைத்தாள். ஜனவரியிலேயே விற்றிருக்கலாம் என்று கிவும்பி இன்றும் சொல்கிறான்; அவன் சொல்வதும் கணக்குப்படி சரிதான்.

கையெழுத்துப் போட்ட அன்று காசிஃபா பின்பக்கம் போய் பீன்ஸ் கொடிகளைப் பார்த்தாள். "பீன்ஸ் பறிக்கறவரைக்கும் இருந்துக்கறேனே" என்று கேட்டாள். "இருங்கம்மா, யாரு துரத்தறா?" என்றாள் ஜோவியா.

ஜூனில் இரண்டு பெண்களும் சேர்ந்தே பறித்தார்கள். குழந்தை பாயில் கிடந்து காலை உதைத்தது. பாதியை ஜோவியாவின் மடியில் கொட்டிவிட்டு, மறுநாள் மூட்டைமுடிச்சோடும் மீன்தட்டுகளோடும் காசிஃபா கட்டோசி வேனில் ஏறினாள்.