கடைசித் தெருக் குழாய்

அன்றைக்குக் குழாயடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பி.டி.ஓ. இருந்தார். ஒன்றியத்துக்கே பெரிய அதிகாரி. ஜீப்பை விட்டு இறங்கியதும் வெயிலைப் பார்த்து முகம் சுளித்தார். வெயில் எங்கள் ஊரில் மட்டும் அடிப்பது போல.

ஓவர்சியர் இருந்தார். அளவு நாடா கொண்டுவந்திருந்தார். கடைசிவரை அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

ஊராட்சித் தலைவர் இருந்தார். சலவை வேட்டி.

கிளார்க் இருந்தார். அக்குளில் தீர்மான நோட்டு. தூங்கும்போதும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

போட்டோ எடுக்கிறவர் இருந்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து வரவழைத்தது.

கடைசித் தெருப் பெண்கள் இருந்தார்கள், குடத்தோடு.

குடம் இல்லாமல் ஒருத்தி நின்றாள். என் தங்கச்சி. மனுக் கொடுத்தவள் அவள்தான்.

நானும் இருந்தேன். கையில் வால்வு சாவி.

நான் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். 2004இல் சேர்ந்தேன், 2012இல் விட்டேன். படிப்பு ஐந்தாவது. மோட்டார் போடுவது, டேங்க் நிரம்பினால் நிறுத்துவது, தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூடுவது. இதற்கு ஐந்தாவதே ஜாஸ்தி. ஊரில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ டேங்க்கு" என்பார்கள். தலைவர் மட்டும் தன் வேலை ஏதாவது ஆக வேண்டுமென்றால் மச்சான் என்பார். அவருக்கும் எனக்கும் ஒட்டு உறவு கிடையாது.

எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். ஏரி எங்களுக்குக் கிட்டத்தில். அந்த ஏரித் தண்ணீர் பெரிய குழாயில் மெட்ராஸுக்குப் போனது. அந்தக் குழாய்க்குள் ஆள் நடந்தே போகலாம் என்று பேசிக்கொள்வார்கள். எங்கள் கடைசித் தெருவுக்குப் போட்டது இரண்டு இஞ்ச் குழாய். அதில் தண்ணீர் நடந்ததில்லை.

ஊரில் நாலு தெரு. டேங்க் நடுத் தெருவில். கடைசித் தெரு மேடு, குழாயும் அங்கேதான் முடிகிறது. மேட்டுக்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் மற்ற மூன்று தெருவும் குடித்து மிச்சம் வைக்க வேண்டும். வைப்பார்களா? நடுத் தெருவில் வாசலுக்கு ஒரு குழி தோண்டிக் குழாயைக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். இடுப்பளவுக் குழி. அதற்குள் இறங்கி நின்று பிடிப்பார்கள். நாலைந்து வீட்டில் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள். தலைவர் வீடும் நடுத் தெருதான். கடைசித் தெருவுக்கு லைன் இழுத்த காண்ட்ராக்ட் அவருடைய மைத்துனர் எடுத்தது. வேலை முடிந்தது என்று எழுதி பில் வாங்கியாகிவிட்டது. குழாயும் இருந்தது. அதன் தலையில் காக்கா உட்காரும்.

கடைசித் தெருக்காரர்கள் ஊருக்கு வெளியே கொல்லைக்காட்டில் இருக்கும் போர்செட்டுக்குப் போவார்கள். போக அரை மணி, வர முக்கால் மணி. போர்செட்டுக்காரருக்கு மனசு சரியில்லாத நாளில் வெறும் குடத்தோடு வருவார்கள்.

என் தங்கச்சி அந்தத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை திருப்பூரில் வேலை. மாமியார் படுக்கை. இவளுக்குச் சிதம்பரத்தில் கர்ப்பப்பை எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வெயிட் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் குடம் தூக்கினாள். தையல் போட்ட இடம் இழுக்கிறது என்று ஒரு தடவை சொன்னாள்.

2008 ஜனவரி இருபத்தாறுக்குக் கிராம சபை கூடியது. எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கையெழுத்து, பிறகு மிக்சர், பிறகு டீ. கூட்டம் என்று ஒன்று தனியாக நடக்காது. தங்கச்சி எழுந்து நின்று கேட்டாள். தலைவர் மிக்சரை மென்றுகொண்டே, "தீர்மானம் போட்டாச்சிம்மா" என்றார். போட்டதுதான். போன கூட்டத்திலும் போட்டது, அதற்கு முந்தின கூட்டத்திலும் போட்டது. கிளார்க் பழைய பக்கத்தைப் பார்த்து எழுதுவார். தேதி மட்டும் மாறும்.

அதற்குப் பிறகு அவள் ஒரு திங்கட்கிழமை கடலூருக்குப் பஸ் ஏறினாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் ஒரு பக்கத்துக்கு எழுதினார். மேதகு, பணிந்து, தாழ்மையுடன் எல்லாம் போட்டு. அவள் சொன்னது ஒரு வரி. குழாய் இருக்கு, தண்ணி இல்ல. வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, நம்பர் போட்ட சீட்டு ஒன்று வாங்கிவந்து அரிசி டின்னுக்குள் வைத்தாள்.

கிராம சபைக்கு வராத அதிகாரி அந்தச் சீட்டுக்கு வந்தார். வியாழக்கிழமை நேரில் பார்க்க வருவதாக ஆபீசுக்குத் தகவல் வந்தது. ஓவர்சியர் எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். குழாய் காய்ந்து கிடப்பதை பி.டி.ஓ. பார்த்தால் அந்தத் தெருவுக்குத் தனி போர், தனியாகச் சின்ன டேங்க் எழுதிவிடுவார், தலைவர் மைத்துனர் வாங்கின பில்லையும் கேட்பார். தண்ணீர் வந்தால் மனு முடிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு ஜீப்பு வருதாம்."

"ஆமா."

"ஒண்ணும் செய்ய வாணாம். எப்பவும் போல வுட்டுடு. காஞ்ச குழாய அவரு கண்ணால பாத்துட்டுப் போவட்டும்."

"பாக்கலாம்" என்றேன்.

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்."

ஊராட்சி ஆபீசில் எல்லாரும் சொல்கிற சொல் அது. நாலு வருஷத்தில் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் தலைவர் டேங்க் அடிக்கே வந்துவிட்டார். கிளார்க்கும் கூட.

"மச்சான், டீ சாப்ட்டியா?"

மச்சான் என்றதுமே சாவியைக் கையில் எடுத்தேன்.

"மூணு தெரு வால்வயும் இறுக்கி மூடு. கடைசித் தெருவ முழுசாத் தெற. ஆபீசர் போற வரைக்கும்."

"அது தங்கச்சி குடுத்த மனுங்க" என்றேன்.

"ஒன் தங்கச்சிக்குத்தானய்யா தண்ணி வுடச் சொல்றேன். வேற எவ வூட்டுக்காவது வுடச் சொன்னனா?"



கிளார்க் நோட்டைத் தட்டினார். "அடுத்த கூட்டத்துல ஆபரேட்டர் பேரு எழுதணும். பழைய பேரே எழுதலாம்னு பாக்கறேன்."

மூன்று வால்வையும் மூடினேன். நடுத் தெருவில் ஒருவர் குழிக்குள் நின்றபடியே தலையை நீட்டினார்.

"ஏ டேங்க்கு, தண்ணி நின்னுடுச்சி."

"கடைசித் தெருவுக்குப் போவுது."

"ஏன், அங்க எவனாவது செத்துட்டானா?"

"ஆபீசர் வராரு."

"அத மொதல்லயே சொல்றதுதான" என்று மறுபடி குழிக்குள் உட்கார்ந்துகொண்டார். வெளியே வரவில்லை. அவருக்கு முறை தெரியும்.

கடைசித் தெருவில் குழாய் முதலில் உறுமியது. காற்று வந்தது, துரு வந்தது, பிறகு செத்த கரப்பான் ஒன்று வந்து விழுந்தது.

"யெம்மா, கரப்பான் குடித்தனமே பண்ணியிருக்குடி" என்றாள் ஒருத்தி.

"வாடக தந்துச்சா கேளு" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள். தண்ணீர் தெளிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கிழவி முந்தானையால் குழாயைத் துடைத்தாள். இன்னொருத்தி ஓடிப்போய்க் குங்குமம் கொண்டுவந்து வைத்தாள். எதற்காக வருகிற தண்ணீர், எத்தனை நேரம் வரும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் பொட்டு வைத்தார்கள். முதல் தண்ணீராம். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டுதான் தலைவருக்கு ஓட்டும் போட்டார்கள்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் சாவியைப் பார்த்தேன்.

ஜீப் வந்தது. ஏழெட்டுக் குடம் அதற்குள் நிரம்பிவிட்டது. பி.டி.ஓ. தண்ணீரைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், வெயில் தாங்காமல் எதிர் வீட்டுக் கூரை நிழலுக்குள் போய் நின்றார். அது தங்கச்சி வீடு. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

அங்கேதான் அவள் கெட்டாள்.

கூரைக்குள் ஒருவர் வேர்த்துப்போய் வந்து நின்றால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. கடன்காரன் வந்தாலும் முதலில் செம்பு. உள்ளே போனாள். வீட்டுக் குடத்தில் தண்ணீர் இல்லை. ஜீப் வரும்போது தெருவில் இருக்க வேண்டும் என்று காலையில் போர்செட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டாள். வெறும் செம்போடு வெளியே வந்தாள். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு குழாயில் பிடித்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

தலைவர் போட்டோக்காரர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ப்ளாஷ் அடித்தது.

பி.டி.ஓ. செம்பை அண்ணாந்து குடித்தார். முழுச் செம்பு.

"நல்லா இனிக்குதே. ஏரித் தண்ணியா?"

"போர் சார்" என்றார் ஓவர்சியர்.

"மனு குடுத்தது யாரு?"

"நாந்தாங்க" என்றாள் தங்கச்சி.

அவர் செம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அதிகாரி சிரித்தால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? எல்லாரும் சிரித்தார்கள். கிளார்க் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"மனு குடுத்த அம்மாவே மொண்டு குடுக்குது. இதுக்கு மேல என்னய்யா வேணும்?"

"இன்னைக்குத்தான் சார் வருது. குழாய் வச்ச நாள்லேர்ந்து இன்னைக்குத்தான் வருது. அந்த மூணு தெருவையும் மூடியிருக்காங்க. வேணும்னா எங்க அண்ணனக் கேளுங்க."

பி.டி.ஓ. என் பக்கம் திரும்பினார். "என்னப்பா?"

தலைவரும் திரும்பினார். கிளார்க் நோட்டை இந்த அக்குளிலிருந்து அந்த அக்குளுக்கு மாற்றினார்.

"பிரஷர் கொஞ்சம் கம்மிங்க" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். பொய் என்றும் சொல்ல முடியாது. அதுதான் அதில் இருக்கிற அசிங்கம்.

ஜீப் போய்விட்டது. தலைவர் என்னைப் பார்த்துக் கையை ஒரு திருகு திருகினார். போய் மூன்று வால்வையும் திறந்தேன். கடைசித் தெருவில் தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றுபோனது. பொட்டு வைத்தவள் குடத்தில் அப்போது பாதிதான் ஏறியிருந்தது. அவள் கொஞ்ச நேரம் குடத்தைக் குழாய்க்கடியிலேயே வைத்துக் காத்திருந்தாள் என்று பிறகு சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கடலூரிலிருந்து கடிதம் வந்தது. தங்கச்சி அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவளுக்கும் படிக்கத் தெரியும். என்னைத்தான் வாசிக்கச் சொன்னாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். மேற்படி தெருவில் குடிநீர் சீராக வருவது நேரடி ஆய்வில் தெரியவந்தது என்றும், மனுதாரரே அதை மெய்ப்பித்தார் என்றும், மனு முடித்துவைக்கப்பட்டது என்றும் இருந்தது. போட்டோவின் ஜெராக்ஸ் ஒன்றும் பின்னால் குத்தியிருந்தது. செம்பு தெரிந்தது. அவள் முகம் கறுப்பாக விழுந்திருந்தது.

"பாக்கலாம் பாக்கலாம்னியே, பாத்துட்டியாண்ணே?" என்றாள்.

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்தக் காகிதம் அதோடு நிற்கவில்லை. கோடையில் ஒன்றியத்திலிருந்து தண்ணி லாரி விட்டார்கள். தட்டுப்பாடு உள்ள தெருக்களுக்கு மட்டும். லிஸ்டில் நடுத் தெரு இருந்தது. கடைசித் தெரு இல்லை. கேட்டதற்கு கிளார்க் பைலைத் திறந்து போட்டோவைக் காட்டினார். லாரி நடுத் தெருவில் நின்றது. அவர்கள் குழியை விட்டு வெளியே வந்து லாரியிலும் பிடித்தார்கள்.

தங்கச்சி சின்னக் குடத்துக்கு மாறினாள். நடை இரண்டு மடங்கு ஆனது. எனக்கு ஆபரேட்டர் வேலை நிலைத்தது. கிளார்க் சொன்னபடி பழைய பேரையே எழுதினார்.

2011இல் தலைவர் மாறினார். கிளார்க் மாறவில்லை. மறு வருஷம் கடைசித் தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டார்கள். தண்ணீர் கேட்ட தெருவுக்கு ரோடு. ரோடு உயர்ந்ததில் குழாய் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வருகிறவர்கள் இடித்துக்கொள்கிறார்கள், வெட்டி எடு என்று புதுத் தலைவர் சொன்னார். இவரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டார்.

ஹேக்சா பிளேடு எடுத்துக்கொண்டு போனேன். தங்கச்சி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குழாயை அறுத்து எடுத்தேன். குழாயின் தலையில் குங்குமக் கறை இன்னும் லேசாக இருந்தது. அதைச் சாக்கில் போட்டேன்.

"மொத்தம் எத்தினி கொடம் வந்துச்சி இதுல, தெரியுமாண்ணே?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன். அந்தப் பாதிக் குடத்தையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். கேட்டுக்கொண்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாக்கை ஆபீசில் ஒப்படைத்தேன். சாவியையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

பதினேழரைக் குடம்.