காகிதம் வராத பிரிண்டர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். தமிழ் டைப்பிங் செய்து பிழைக்கிறவன் எதற்குக் கையால் எழுதுகிறான் என்று கேட்கலாம். கம்ப்யூட்டர் மச்சான் கடையில் இருக்கிறது. அங்கே நான் அடிக்கும் எதையும் யாராவது எட்டிப் பார்த்துப் படித்துவிடுவார்கள்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கடை தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகும் வழியில். ஜெராக்ஸ், டைப்பிங், கல்யாணப் பத்திரிகை. சின்ன வயதில் நான் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலைக்குப் போனவன். அது மூடியபோது அவர்தான் கூட்டி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். கடை ஒடுக்கமானது. என் நாற்காலி சுவரோரம். மச்சான் எழுந்து வழிவிட்டால்தான் நான் வெளியே வர முடியும். குடியிருப்பும் திருமங்கலத்தில் அவர் வீட்டிலேயே. காலையில் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருவேன், பொழுது சாய்ந்ததும் அதே வண்டியில் திரும்புவேன்.

அவர் எனக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. கருமி என்று நினைக்கக் கூடாது. தங்கச்சி புருஷனுக்குச் சம்பளம் கொடுப்பது எங்கள் ஆட்களிடம் கேவலம். அரிசி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, தீபாவளிக்கு வேட்டி சட்டை எல்லாம் கேட்காமலே வரும். கடைக்கு டீ வந்தால், "மொதல்ல மாப்ளைக்குக் குடுறா" என்பார். ஆனால் என் சட்டைப்பையில் ஒன்றும் இருக்காது. மனைவிக்கு ஒரு முழம் பூ வாங்கவும் அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் கேட்டதற்கு மேலேயே தருவார். அதனாலேயே நான் கேட்பதில்லை.

கடைக்குப் பேப்பர் கட்டு கொண்டு வருகிறவர் ஒருநாள் மச்சான் இல்லாதபோது சொன்னார்:

"அண்ணே, கோயம்புத்தூர்ல ஒரு பிரஸ்ல தமிழ் அடிக்க ஆள் தேடுறாக. சம்பளம், பின்னாலயே குடியிருக்க வீடு. நீங்க அடிச்ச பத்திரிகை ஒண்ணும், ஒங்களப் பத்தி நாலு வரியும் மெயில்ல போட்டு விடுங்க."

சம்பளத்தைவிட அந்த வீடுதான் மனதில் நின்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. அடித்து அனுப்பினேன். அடுத்த முறை வந்தவர் சிரித்தார்.

"என்னண்ணே அனுப்புனீக? கோழி கிண்டுன மாதிரி இருக்காம்!"

எங்கள் கடையில் இருந்த தமிழ் எழுத்துரு அந்த அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இல்லை. எழுத்துரு இல்லாத இடத்தில் நாம் அடித்த தமிழ் ஏதோ கொம்பும் கோடுமாகத்தான் தெரியும்.

"பிடிஎஃப்பா மாத்தி அனுப்பச் சொன்னாக. எழுத்தும் கூடவே ஒட்டிக்கிட்டுப் போயிருமாம்" என்று ஒரு சிடியைக் கொடுத்தார். "இத ஏத்துங்க. பிரிண்டர் லிஸ்ட்ல புதுசா ஒரு பேரு வரும். அதத் தொட்டு பிரிண்ட் குடுத்தா பேப்பர் வராது. பைலா விழும். ஓசிதாண்ணே, பயப்படாதீக."

மச்சான் சாப்பிடப் போன மத்தியான நேரம். சிடியை ஏற்றினேன். பத்திரிகையை எடுத்து, அடுத்த பக்கத்தில் என்னைப் பற்றி மறுபடியும் அடித்தேன். மச்சான் கடையில் இருக்கிறேன், சம்பளம் கிடையாது, தனியாகக் குடும்பம் நடத்த ஆசைப்படுகிறேன். பிரிண்ட் கொடுத்தேன். காகிதம் வரவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பைல் எங்கே போய் விழுந்தது என்று தேடிக்கொண்டிருந்தபோது மச்சான் ஒரு வக்கீல் குமாஸ்தாவோடு உள்ளே வந்தார்.

"பேப்பர் தீந்து கெடக்கே, பாக்கலையா மாப்ள?" என்று பிரிண்டரில் ஒரு கத்தையை வைத்தார்.

வைத்ததும் அது உறுமியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கை பழக்கத்தில் பழைய பிரிண்டரின் பெயரையே தொட்டிருக்கிறது. அது இவ்வளவு நேரம் காகிதத்துக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. ஓடிப் போய்ப் பிடுங்க வழியில்லை. நான் சுவருக்கும் மேசைக்கும் நடுவில் இருந்தேன், வழியில் மச்சான் நின்றார்.

முதலில் பத்திரிகை வந்தது. பிறகு அந்த நாலு வரி. தன்னுடையது என்று நினைத்துக் குமாஸ்தா எடுத்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னய்யா இது? தங்கச்சி மாப்ளைய ஓசியிலயா வேல வாங்குற?"

மச்சான் அதை வாங்கிப் படித்தார், மடித்துப் பையில் வைத்தார். குமாஸ்தாவின் வேலையை முடித்து அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒங்களுக்கு என்ன கொற வச்சேன் மாப்ள?"

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. சோத்துலயா, மரியாதையிலயா?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

"நாளைக்கு எவனாச்சும் கேட்டா என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைப்பேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால் ஒருவேளை நான் போயிருப்பேன்.

அன்றே வீட்டில் சொல்லிவிட்டார். மறுநாள் காலை குழாயடியில் துணி அலசிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"வீடும் தர்றாகளாமே?"

"ம்."

"அடுப்படி தனியாவா?"

"தனியாத்தான் இருக்கும்."

சேலையை ரொம்ப நேரம் பிழிந்தாள். "இம்புட்டு நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றாள்.

கடையில் மச்சான், "அனுப்புறதுன்னா அனுப்புங்க மாப்ள, நான் குறுக்க நிக்கல" என்றார். என் நாற்காலியை ஒட்டி உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். இந்த முறை சரியான பெயரைத் தேடித் தொட்டேன். பைல் விழுந்தது. திறந்தால் எழுத்தெல்லாம் அதது இடத்தில் இருந்தது. மச்சான் எட்டிப் பார்த்தார்.

"இதுதான் பிடிஎஃப்பா? நல்லாருக்கே! அம்புட்டும் ஓசியா?"

"ஓசிதான் மச்சான்."

அவர் எழுந்திருக்கவில்லை. நானும் மெயிலைத் திறக்கவில்லை.

சீக்கிரமே கடை வாசலில் ஒரு போர்டு வந்தது: பயோடேட்டா பிடிஎஃப் செய்து தரப்படும். துபாய்க்குப் போகிறவர்கள், சென்னைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்து மாற்றிக் கொடுக்கிறேன். அவர்கள் போய்விடுகிறார்கள். கோயம்புத்தூரில் அப்போதே வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். என் பைல் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இன்னும் கிடக்கிறது.

இன்று மச்சான் ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறார், கடை இல்லை. மனைவி உள்ளே அவர் வீட்டம்மாவோடு சமைத்துக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் அவளிடம் வாயால் சொல்ல இன்றைக்கும் எனக்கு வரவில்லை. யாருக்கென்று இல்லாமல் எழுத ஆரம்பித்த இதை மடித்து அவள் சேலை வைக்கிற பெட்டியில் மேலாகவே வைக்கப் போகிறேன். என் கையெழுத்து அவளுக்குப் புரியும்.

ஆவணி 14, 2007.