அறுபதைத் தொட்டால் ஆடும் ஜீப்பில் ஒரு காதுகுத்துக்கு

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வண்டியூரிலிருந்து கிளம்பினோம். ஜீப்பில் முன்னால் நானும் என் மனைவி செல்வியும். பின்னால் அவள் தம்பி பாண்டி, தாய்மாமன் சீர்த் தட்டுகள், ஒரு பித்தளை அண்டா, ஒரு கிடாய். உசிலம்பட்டிக்குச் சற்று முன்னால் ஒரு கிராமத்தில் என் ஒரே தங்கை கவிதாவின் மகளுக்குக் காதுகுத்து. நாற்பது கிலோமீட்டருக்கு அப்படி இப்படி இருக்கும்.

முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது. அதற்குள் மாமன் வந்து மடி கொடுக்காவிட்டால் பங்காளி ஒருவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்திவிடுவோம் என்று தங்கையின் மாமியார் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார். பிறந்த வீட்டுப் பக்கம் கவிதாவுக்கு இருப்பது நான் ஒருவன்தான்.

ஜீப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய வண்டியை வாங்கி, ஐந்து கியர் பெட்டி, உயர்த்திய ஸ்பிரிங் பட்டை, பெரிய டயர் என்று பார்த்துப் பார்த்து மாற்றியவன் நான். கியர் பெட்டியின் நீளம் மாறியதால், அதிலிருந்து பின் அச்சைச் சுற்றவைக்கும் ஷாப்ட் என்ற நீளக் குழாயையும் லேத்துப் பட்டறையில் வெட்டி அளவாக்கினேன். போன மாதம் கொடைக்கானல் ஏறி இறங்கியபோது ஒரு முணுமுணுப்பில்லை.

அன்று ரிங் ரோட்டில் ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் இருக்கைக்கு அடியில் ஓர் உதறல். அறுபதில் அண்டா கடகடவென்று அடித்தது. கிடாய் அலறியது.

"மச்சான், டயருல கோளாறு," என்றான் பாண்டி. ஏழு மணிக்குப் பழங்காநத்தத்தில் பூட்டியிருந்த டயர் கடையின் ஓனரை எழுப்பிக் கூட்டி வந்தோம். நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங், எண்ணூறு ரூபாய். "இனி வண்டி படகு மாதிரி போகும்ணே," என்று சத்தியம் செய்தார். போனது, ஐம்பது வரைக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

எட்டரைக்கு நாகமலை புதுக்கோட்டை. டீ பதினைந்து ரூபாய். கடையில் நின்ற லாரி டிரைவர் கேட்காமலே வண்டியைச் சுற்றி வந்தார். "என்ஜின் மவுண்டிங் போயிருக்கும். மாத்துன வண்டின்னாலே இம்புட்டுத் தொல்லைதான்ணே." டீக்கடைக்காரர் கிளட்ச் என்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே டீசலில் தண்ணீர் என்றார். ஆளாளுக்கு நாட்டாமை! எனக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

பல்கலைக்கழகத்தைத் தாண்டி ஆளில்லாத நேர் ரோட்டில் நானே பரிசோதித்தேன். அறுபதில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். என்ஜின் அடங்கியது, கிடாய் அடங்கவில்லை. ஆகவே என்ஜினும் இல்லை, கிளட்சும் இல்லை. ஸ்டியரிங் கையில் ஆடவில்லை, இருக்கைதான் ஆடியது. கோளாறு பின்பக்கம், சுற்றுகிற ஏதோ ஒன்றில்.

செக்கானூரணிக்கு வந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. கவிதா போன் செய்தாள். "அண்ணே, எங்க இருக்க? இங்க ஆசாரி வந்துட்டாருண்ணே."

"வந்துக்கிட்டே இருக்கேன்த்தா," என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். ஷாப்டின் பின்முனையில் போல்ட்டுகள் விரலுக்கே திரும்பின. மூட்டில் இருக்கும் கிராஸ் என்ற கூட்டல்குறி இரும்பும் ஆட்டம் கொடுத்தது. ஷாப்ட் முழுக்க வெள்ளி பெயிண்ட், நடுவில் சந்தனம், குங்குமம். போன வாரம் ஆயுத பூஜைக்குப் பாண்டி செய்த அலங்காரம். அதன் ஓரத்தில் இருக்க வேண்டிய சின்ன இரும்புத் தகட்டைக் காணோம்.

"மாப்ள, இங்க ஒரு தகடு பத்த வச்சிருந்துச்சே, எங்கடா?"

"அதுவா? அசிங்கமாத் துருத்திக்கிட்டு இருந்துச்சு மச்சான். கிரைண்டர் வச்சு வழிச்சு விட்டேன். பெயிண்ட் அடிக்கணும்ல?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஷாப்ட் ஒருபக்கம் கனத்துச் சுற்றக் கூடாது என்பதற்காகவே லேத்துக்காரர் எடை பார்த்துப் பற்றவைத்த தகடு அது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்து, அதற்குப் பொட்டும் வைத்திருக்கிறான்!

"திட்டுறத அப்புறம் வச்சுக்கங்க," என்றாள் செல்வி. "போல்ட்ட முடுக்கிட்டு மெதுவாப் போவோம்."

"கிராஸ் போயிருச்சு. ஷாப்ட் கழண்டு ரோட்டுல ஊனிருச்சுன்னா வண்டியே கவுந்துரும்."

ஞாயிற்றுக்கிழமை லேத்து ஏது? உசிலம்பட்டி பஸ் ஒன்று நிறுத்தாமல் போனது. நின்றிருந்தாலும் கிடாயை ஏற்ற மாட்டார்கள். அந்தக் கடுப்பில்தான் புத்தி வந்தது. இந்த ஜீப்புக்கு முன் சக்கரத்திலும் இழுவை உண்டு. பின் ஷாப்டை அடியோடு கழற்றிவிட்டால் முன் சக்கரம் மட்டும் இழுத்துக்கொண்டு போகும். பாண்டியும் நானும் மண்ணில் படுத்துக் கழற்றினோம். அவனை வாய் ஓயும்வரை திட்டினேன். அவன் ஸ்பானரைப் பிடித்தான். சந்தனப் பொட்டோடு ஷாப்டைச் சீர்த் தட்டுகளுக்கு நடுவில் போட்டோம். முன் இழுவைக்கான லிவரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். ஐம்பத்தைந்து, அறுபது. அண்டா வாய் திறக்கவில்லை. கிடாய் படுத்துவிட்டது.

பத்தே காலுக்குக் குலசாமி கோயில். சீர் இறக்க வந்த பெண்கள் ஷாப்டையும் தூக்கப் பார்த்தார்கள். "அது சீர் இல்லத்தா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வேப்பமரத்தடியில் ஒரு பங்காளி ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளையை அவர் மடியில் வைக்கக் குனிந்திருந்தார்கள். கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும், "இந்தா எங்கண்ணே வந்துருச்சு!" என்று போட்ட சத்தத்தில் மேளக்காரரே நிறுத்திவிட்டார்.

கை கழுவ நேரமில்லை. உட்கார்ந்து பிள்ளையை அணைத்துக்கொண்டேன். இரண்டு காதும் முடிந்தது, பத்தரைக்குள்.

பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள். மஞ்சள் பட்டுப்பாவாடையின் இடுப்பில் என் ஐந்து விரலும் கறுப்புக் கிரீஸாகப் பதிந்திருந்தன. கவிதாவின் மாமியார் வாயில் அடித்துக்கொண்டார். "புதுப் பட்டும்மா! மண்ணெண்ணெய் வச்சுத் தொடச்சாப் போயிரும், கழட்டு." எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

கவிதா பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"தொடைக்க வேணாம் அத்தே. அவ மாமன் மடியிலதான் காது குத்துனாங்கன்னு நாலு பேரு பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் நடந்தாள்.